தம்பிக்காக நான் போட்ட டிக்

அந்த கிளினிக் உதவியாளர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. என்மேலும்தான்.

1991இல் தம்பி சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். திடீரென்று வேலைக்குப் போகாமல், சோறு தண்ணி இல்லாமல் பாயிலேயே சுருண்டு கிடந்தான். எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியிலிருந்து பஸ் மாறி மாறி மெட்ராஸில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

டாக்டரைப் பார்க்குமுன் குணத்தைப் பற்றிய ஒரு கேள்வித்தாளை நிரப்ப வேண்டுமாம். எந்த வகை நோய் என்று பிரித்துப் பார்க்க அது உதவுமாம். தம்பி ஐ.டி.ஐ. படித்தவன். உதவியாளர் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"நீயே ஃபில்லப் பண்ணிடும்மா" என்று பேனாவை என்னிடம் நீட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். டீதான் முக்கியம்!

நானாவது யோசித்தேனா? ரேஷன் கார்டோ வேலை மனுவோ, எங்கள் தெருவில் எல்லா ஃபாரமும் என் கைக்குத்தான் வரும். முத்து முத்தான கையெழுத்து என்று பேர். ஃபாரத்தில் குறையை எழுதினால் கிடைக்க வேண்டியது கிடைக்காது. எனக்குத் தெரிந்த சட்டம் அதுதான்.

சோர்வைப் பற்றிய கேள்விகளுக்கு 'ஆம்' போட்டேன். அதை டாக்டரே கண்ணால் பார்க்கப் போகிறாரே. 'தூக்கமில்லாமலே பல நாள் உற்சாகமாக இருந்ததுண்டா?' பொங்கல் சமயத்தில் மூன்று ஷிஃப்ட் தொடர்ந்து நின்றுவிட்டு, சொந்தக் கம்பெனி ஆரம்பிக்கப் போகிறேன் என்று சொல்லி, தன் சைக்கிளை முன்பின் தெரியாத ஆளுக்குத் தூக்கிக் கொடுத்தவன் அவன். 'இல்லை' என்று போட்டேன். பைத்தியம் என்று பேர் வந்துவிட்டால் எவன் பெண் கொடுப்பான்? 'நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.' கூசாமல் 'ஆம்' போட்டேன். தம்பி பக்கத்திலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் பாவம், தாளை நம்பிச் சோர்வுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தார். பாவமென்ன பாவம், அவனிடம் நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே!

மூன்றாவது வாரம் தம்பி எழுந்தான். சோர்வு மாத்திரை பழைய பொங்கல் வேகத்தைக் கிளப்பிவிட்டது; எழுந்தவன் பிறகு தூங்கவேயில்லை. கம்பெனி கேட்டில் நின்று, "இனிமே நான்தான்டா மொதலாளி, கேட்ட தொற" என்று கத்தினான். வாட்ச்மேன்கள் அடித்துத் தள்ளினார்கள். வேலை போயிற்று.

மறுபடியும் அதே கிளினிக். டாக்டர் பழைய தாளைப் புரட்டினார்.

"பொய்யே சொன்னதில்லையாமே. இப்படி ஒரு உத்தமன் உண்டா? பொய்யா எழுதுறவங்களைப் பிடிக்கத்தான் இந்தக் கேள்வியே. யாரும்மா எழுதுனது?"

"அவங்க அக்கா சார்" என்று உதவியாளர் என்னைக் கை காட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "பேனாவ என் கையில குட்த்தது யாரு? அவன் கல்லாட்டம் பக்கத்துலதான குந்திகினு இருந்தான்!" என்று கத்தினேன். காத்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். சில வாரங்களில் தம்பி அடங்கியதும் புதுக் கேள்வித்தாள் வந்தது. இந்தத் தடவை உதவியாளர் அவனிடமே நீட்டினார். பழக்கதோஷம், என் கைதான் முந்திக்கொண்டு போனது.

தம்பி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"நீ வெளிய குந்துக்கா," என்றான். "நீ பக்கத்துல இருந்தா நானும் பொய்தான் போடுவேன்."