தமிழர் இல்லாத ஊர்

நித்தியானந்தனுக்கு மனிதர்கள் மீது வெறுப்பு ஏதும் கிடையாது. அவர்கள் தன்னை அறிந்து வைத்திருப்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர் சுவிஸின் சோலோதுர்ன் நகரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவத் தொடங்கி, அங்கேயே சமையற்காரராகி, இப்போது பென்சனுக்குக் காத்திருந்தார். இத்தனை ஆண்டுகளில் ஒரு சனிக்கிழமையாவது அவருக்குச் சொந்தமாக இருந்ததாக நினைவில்லை. கலியாணம், பெண் பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்தியவீடு, பிறந்தநாள், அந்தியேட்டி, ஊர்ச் சங்கத்து ஆண்டு விழா. மண்டபத்துக்குள் கால் வைத்ததும் யாராவது தோளைப் பிடிப்பார்கள். "என்ன அண்ணை, போன கிழமை பேர்ண் கலியாணத்தில காணேல்லை?" போகாவிட்டால் ஏன் வரவில்லை என்பார்கள். போனால், முன்பு ஏன் வரவில்லை என்பார்கள்.

இந்த விசாரணை நடக்காத இடமொன்றை அவர் இந்தோனேசியாவில் கண்டார். சமையலறையில் அவரோடு வேலை செய்த ரூடி என்ற சுவிஸ்காரரின் மனைவி, சுமாத்திராவின் மேற்கு மலைப்பக்கத்தில் லூபுக் மெலாத்தி என்ற சிற்றூர்க்காரி. ஓய்வு பெற்ற ரூடி மனைவியின் குடும்பக் காணியில் சிறு வீடுகள் கட்டியிருந்தார். வெளிநாட்டவர் அங்கே நிலம் வாங்க முடியாது என்பதால் நீண்ட குத்தகைக்குக் கொடுக்க எண்ணம்.

நித்தியானந்தன் ஒருமுறை போய்ச் சில கிழமைகள் இருந்துவிட்டு வந்தார். வயல், ஆறு, பள்ளிவாசல், ஒரு காப்பிக்கடை, ஊர் அவ்வளவுதான். வழியில் கண்டவர்களெல்லாம் சிரித்து ஏதோ சொன்னார்கள். "எங்கே போகிறாய்?" என்று கேட்பதுதான் அங்கே வணக்கம் சொல்வது என்று ரூடியின் மனைவி பிறகு விளக்கினாள். நித்தியானந்தன் அதைக் காதில் வாங்கவில்லை. விளங்காத மொழியில் கேட்கப்படும் கேள்வி கேள்வியே இல்லை என்பது அவருடைய முடிவு. ஆற்றைப் பார்த்த வீட்டைத் தனக்கென்று பேசி வைத்துவிட்டுத் திரும்பினார். இனி உள்ள காலத்தை யாருக்கும் தெரியாதவனாக வாழ்ந்து முடிக்க வேண்டும். அவருக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

மனைவி இந்திரா ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு எல்லாரும் ஒருநாள் போறதுதானே. ஏன் இப்ப அவசரப்படுறியள்?"

அந்த நேரத்தில்தான் ரூடி ஓர் உதவி கேட்டார். ஊரைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், இணையத்தில் போட வேண்டும், சுவிஸ் தமிழர்களிடம் சேமிப்பு இருக்கிறதல்லவா? வீட்டைத் தந்தவரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நித்தியானந்தன் யோசித்தார். பொய் எழுதுவது பிழை. உண்மையை எழுதலாம், ஆட்களைத் துரத்த உண்மையே போதும். இப்படி எழுதினார்:

"மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். மின்சாரம் அடிக்கடி நிற்கும். பெரிய ஆஸ்பத்திரிக்கு மலைப்பாதையில் நெடுந்தூரம் போக வேண்டும். விடியுமுன் பள்ளிவாசலில் ஒலிபெருக்கி பேசும். கோயில் இல்லை, மண்டபம் இல்லை. பார்ப்பதற்கென்று எதுவும் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கு முழுவதிலும் ஒரு தமிழர் கூட இல்லை."

வாசித்துப் பார்த்தார். நல்ல வேலி என்று தோன்றியது.

முதல் தொலைபேசி சிவநேசனிடமிருந்து வந்தது. சிவநேசன் ஊர்ச் சங்கத்தின் செயலாளர்; தமிழர் ஒன்றுகூட வேண்டும் என்று எல்லா மேடைகளிலும் பேசுபவர்.

"அண்ணை, அந்தக் கடைசி வரி உண்மையோ?"

"எந்த வரி?"

"ஒருத்தரும் இல்லையெண்டு போட்டிருக்கிறியளே."

"ஓம், உண்மைதான். அட்டை கடிக்கிறதும் உண்மை."

"அட்டை ஒரு இடத்திலதானே அண்ணை கடிக்கும்! எனக்கு ஒரு வீடு பாருங்கோ. ஆனா ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. சத்தியம் பண்ணுங்கோ."

நித்தியானந்தன் சத்தியம் செய்தார். அடுத்த கிழமை பவதாரணி தொலைபேசியில் கதைத்தாள். சாமத்தியவீடுகளுக்கு மணவறை அலங்காரம் செய்பவள் அவள். அவள் வராத மண்டபம் நாட்டில் இல்லை.

"ஏன் பிள்ளை, உமக்குச் சனம் இல்லாட்டி தொழில் இல்லையே?" என்று இவர் கேட்டார்.

"அதுதான் அண்ணை. கண்ணை மூடினாலும் சோடிச்ச வாழைதான் தெரியுது. நான் வாறது சங்கத்து ஆக்களுக்குத் தெரியக் கூடாது. முக்கியமாச் சிவநேசன் அண்ணைக்கு."

அதன்பின் சூக் நகரிலிருந்து ஒரு குடும்பம், பிரெஞ்சுப் பக்கத்து நொஷாட்டலிலிருந்து ஒரு குடும்பம். எல்லோருக்கும் பிடித்தது அந்தக் கடைசி வரி. எல்லோரும் சத்தியம் வாங்கினார்கள். ஒருவரிடமாவது மற்றவரைப் பற்றிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் கலைந்திருக்கும். நித்தியானந்தன் வாக்குத் தவறாதவர். நல்ல குணங்கள் இப்படியும் ஆளைக் கெடுக்கும் என்பதை அவர் புத்தகங்களில் வாசித்திருந்தார். வாசித்தது உதவிக்கு வரவில்லை.

வீடு பார்க்கப் போகும் பயணத்தை ரூடி ஒரே விமானத்தில் ஒழுங்கு செய்திருந்தார். கூட்டமாகப் போனால் மலிவு என்பது அவருடைய நியாயம். சூரிச் விமான நிலையத்தில் சிவநேசன் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டபடி வந்தார். பவதாரணி தூணுக்குப் பின்னால் நின்றாள். ஆனால் எத்தனை பேர் ஒரே தூணுக்குப் பின்னால் நிற்க முடியும்?

"என்ன பிள்ளை, எங்க பயணம்?"

"சும்மா பாலிக்கு அண்ணை. நீங்கள்?"

"நாங்களும் சும்மா, அந்தப் பக்கம்தான்."

சூக்குக் குடும்பம் மலேசியா என்றது. நொஷாட்டல்காரர் பிரெஞ்சுப் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பிறகு எல்லோரும் ஒன்றாகத் திரும்பி நித்தியானந்தனைப் பார்த்தார்கள்.

"எல்லாருக்கும் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கிறன்" என்றார் அவர். வேறு என்ன சொல்ல?

லூபுக் மெலாத்தியில் முதல் மாலை ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் காப்பி குடித்தார்கள். மழை பிடித்தது, மின்சாரம் நின்றது. இருட்டில் பவதாரணி பயணத்துக்குக் கொண்டுவந்த பருத்தித்துறை வடையை எடுத்தாள். அதன்பின் பேச்சுத் தொடங்கியது. யார் மகளை யார் கட்டினார், யார் வீட்டை விற்றார் என்று ஓடியது. மின்சாரம் திரும்பியபோது சிவநேசன் எழுந்து நின்றார்.

"இவ்வளவு பேர் சேர்ந்திட்டம். தைப்பொங்கலை இஞ்சயே வைப்பம். ஒரு சின்னக் குழு போட்டால் நல்லது. ஊரைக் கண்டுபிடிச்ச எங்கட அண்ணைதான் தலைவர்."

கைதட்டினார்கள். காப்பிக்கடைக்காரரும் சேர்ந்து தட்டினார். நித்தியானந்தன் ஆற்றுப் பக்கம் பார்த்தபடி இருந்தார். ஆறு அழகாகத்தான் இருந்தது; அதை அவர் அப்போதும் மறுக்கவில்லை.

திரும்பி வந்ததும் பொய்யாகிப்போன கடைசி வரியைத் திருத்தினார். "இப்போது நான்கு தமிழ்க் குடும்பங்கள் வீடு எடுத்திருக்கின்றன" என்று போட்டார். அதற்குப் பிறகு தமிழில் ஒருவரும் தொலைபேசியில் அழைக்கவில்லை. ரூடிக்கு ஏன் என்று விளங்கவே இல்லை.

இந்திராவுக்கு எல்லாம் விளங்கியது. "அப்ப நானும் வாறன்" என்றாள். "பவதாரணி ஆக்கள் குளிர் முடியுமட்டும் அங்கதானாம்."

"நான் போகமாட்டன்" என்றார் நித்தியானந்தன்.

"நீங்கள் பிடிச்ச வீடு!"

"நீ போ. நான் இஞ்ச நிக்கிறன்."

மார்கழியில் அவள் போனாள். செயலாளர் இல்லாததால் சங்கம் கூடவில்லை. அலங்காரத்துக்கு ஆளில்லாததால் சாமத்தியவீடுகளைக் கோடைக்குத் தள்ளினார்கள். நித்தியானந்தன் சனிக்கிழமைகளில் சோலோதுர்னின் ஆற்றங்கரையில் நடந்தார். எதிரே வந்த சுவிஸ்காரர்கள் "குரூத்சி" என்று ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆசைப்பட்ட வாழ்வு, விமானச் செலவுகூட இல்லாமல், வீட்டு வாசலுக்கே வந்திருந்தது.

பொங்கலன்று இந்திரா அழைத்தாள். பின்னால் சிரிப்பும் பாத்திரச் சத்தமும் கேட்டன, யாரோ உரக்க, "தலைவர் என்ன சொல்லுறார்?" என்று கேட்டார்கள்.

"என்ன செய்யிறியள்?"

"சும்மா இருக்கிறன்."

"ஒருத்தரும் வரேல்லையோ?"

"இல்லை."

"ஒரு போன்கூட இல்லையோ?"

"நீதான்."

"இதுக்குத்தானே இவ்வளவு காலமும் துடிச்சனியள். இப்ப சந்தோசமோ?"

நித்தியானந்தன் எதையும் எளிதில் நல்லது என்று ஒப்புக்கொள்கிறவர் அல்லர். உண்மையான பதிலைத் தேடினார்.

"யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார்.

"ஆறுதலா யோசியுங்கோ. இஞ்ச பொங்கல் ஆறுது" என்று இந்திரா போனை வைத்தாள்.