மகளைத் தோண்டி எடுக்கப் பழகிய நாள்

ஈஸ்டர் விடுமுறைக்கு வடக்கே போய், ஆளில்லாத மலைகளில் ஒரு கிழமை ஸ்கீ சறுக்கப் போவதாக என் மகள் சொன்னபோது நான் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். கூடப் போவது பல்கலைக்கழகச் சினேகிதர்கள் நாலு பேர். லிஃப்ட் கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது. தாங்களே ஏறித் தாங்களே இறங்குவார்களாம்.

"பனி சரிஞ்சால்?" என்று கேட்டேன்.

"ஆளையாள் தோண்டி எடுப்பம்" என்றாள், மரவள்ளிக் கிழங்கு கிண்டுவதைப் பற்றிச் சொல்வதுபோல.

எனக்கு வந்ததே கோபம்! இருபத்தெட்டு வருடமாக ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவன் நான். பனி என்பது சக்கரத்துக்குக் கீழே கிடக்க வேண்டிய சாமான், மனிசருக்கு மேலே அல்ல. "கண்டறியாத மலை! சறுக்கிறதுக்கு எங்கடை பியோர்ண்டாலிலை மேடு இல்லையோ?" என்று கத்தினேன். அவள் திருப்பிக் கத்தவில்லை. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பனிச்சரிவில் புதைந்தவர்களை மீட்க ஒருநாள் பயிற்சி இருக்கிறது, இரண்டு பேருக்கும் பதிந்துவிட்டேன் என்றாள். "வந்து பாருங்கோ அப்பா. பாத்த பிறகும் வேண்டாம் எண்டு சொன்னியள் எண்டால் நான் போகமாட்டன்."

இதைவிட நல்ல பேரம் எனக்கு வாழ்நாளில் வாய்த்ததில்லை. போக வேண்டியது, முகத்தை உம்மென்று வைத்திருக்க வேண்டியது, வேண்டாம் என்று சொல்ல வேண்டியது. ஒரு நாளில் அலுவல் முடிந்துவிடும்.

வெளிக்கிடும்போது மனைவி வாசலில் நின்று, "போய்ச் சேர்ந்தவுடனை ஒரு கோல் எடுங்கோ" என்றாள். இது எங்கள் வீட்டுச் சட்டம். பக்கத்து லில்லெஸ்ட்ரோமுக்குச் சாமான் வாங்கப் போனாலும் சேர்ந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவள் எடுப்பாள். நான் பதில் சொல்லாவிட்டால் என் தம்பிக்கு எடுப்பாள். அவன் லண்டனுக்கும் ஊருக்கும் எடுப்பான். அரை மணித்தியாலத்தில் மூன்று நாடுகளில் நான் செத்திருப்பேன்.

பயிற்சி ஒரு மலைச்சரிவில் நடந்தது. சொல்லித் தந்தவள் மெலிந்த நோர்வேஜியப் பெண். குரலை உயர்த்தவே தெரியாதவள். ஆளுக்கொரு சின்னப் பெட்டியை நெஞ்சில் கட்டச் சொன்னாள். அது சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் பெட்டியைத் தேடுவதற்கு மாற்ற வேண்டும். அம்புக்குறி வழி காட்டும், எண் தூரத்தைச் சொல்லும். கிட்டப் போனதும் நீட்டுக் கம்பால் குத்திப் பார்த்து, மண்வெட்டியால் தோண்ட வேண்டும். முதல் கால் மணித்தியாலம்தான் உயிர் என்றாள். "தொலைபேசிகளை முற்றாக நிறுத்துங்கள். அவை பெட்டியைக் குழப்பும்."

எல்லாரும் நிறுத்தினார்கள். நான் சத்தத்தை மட்டும் நிறுத்தி, நெஞ்சுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வந்து சேர்ந்ததைச் சொல்ல மறந்திருந்தேன். இந்த நேரம் பார்த்து முற்றாக நிறுத்தினால் வீட்டில் என்ன நடக்கும் என்று அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்?

என் மகளின் முதுகுப்பைக்குள் ஒரு பெட்டியை வைத்து, நாங்கள் திரும்பி நின்றபோது பனிக்குள் புதைத்தார்கள். "இது உங்கள் மகள்" என்றாள் பயிற்சிக்காரி என்னிடம். மகள் ஒரு பக்கத்தில் கைகட்டி நின்றாள். தேடுகிற பெட்டி என் கையில். கம்பும் மண்வெட்டியுமாகப் பின்னால் வந்தவர் திராமன் நகரத்துப் பல் வைத்தியர்.

நாற்பது, முப்பத்திரண்டு, இருபத்தைந்து என்று எண் இறங்கியது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அப்போது நெஞ்சில் தொலைபேசி அதிர்ந்தது. இருபத்தைந்து, ஐம்பதாகியது. அம்புக்குறி சரிவோரத்தில் போட்டிருந்த கோப்பிக் கூடாரத்தைக் காட்டியது. நான் கூடாரத்தை நோக்கி ஓடினேன். வைத்தியரும் ஓடினார். பிறகு அம்பு திரும்பியது, நாங்களும் திரும்பினோம். பெட்டியைத் தட்டினேன், உலுக்கினேன். "வந்த பாதையில் திரும்பிப் போனால் என்ன?" என்றார் அவர் மரியாதையாக. "எனக்குப் பாதை சொல்லித் தராதீர்கள், நான் பஸ் ஓட்டுகிறவன்" என்றேன். இரண்டு தரம் சுற்றி வந்தோம்.

"நேரம் முடிந்தது" என்றாள் பயிற்சிக்காரி. நான் முதலில் கடந்து போன இடத்திலேயே மண்வெட்டியை ஊன்றினாள். பை அங்கேதான் கிடந்தது. அந்த நேரம் என் நெஞ்சு மறுபடி அதிர்ந்தது. எல்லாருக்கும் கேட்டது. பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, எங்கை நிக்கிறியள்? ஏழு தரம் எடுத்திட்டன்! பிள்ளை பத்திரமோ?"

நான் பையைப் பார்த்தேன். "பத்திரம்" என்றேன்.

மலை கொல்லும் என்று நிரூபிக்க வந்தவன், என் கையாலேயே பிள்ளையைக் கொன்றுவிட்டு நின்றேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

அடுத்து என் பையைப் புதைத்தார்கள். தேடியவள் மகள். இந்தத் தடவை தொலைபேசியை மெய்யாகவே நிறுத்தினேன். அவள் அந்தரப்படவில்லை, பெட்டியோடு சண்டை பிடிக்கவில்லை. குனிந்து, பனியோடு ஒட்டிப் பெட்டியைப் பிடித்து நகர்ந்தாள். இரண்டாம் குத்திலேயே கம்பு தட்டியது. சரிவின் கீழ்ப்பக்கமாக நின்று தோண்டினாள். புதைந்தவரோடு கதைக்க வேண்டும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். மற்றவர்கள் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு பைகளுக்கு வணக்கம் சொன்னார்கள். இவள் சிரிக்கவில்லை. பையின் மேல் பனியைக் கையால் மெல்லத் துடைத்து, "அப்பா, நான் வந்திட்டன். பயப்பிடாதேங்கோ, எடுக்கிறன்" என்றாள்.

பத்தடி தள்ளி, கையில் கோப்பியோடு நின்ற நான், "ஓம்" என்றேன். பல் வைத்தியர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

வியர்த்துக் களைத்து என்னிடம் வந்தாள். "இப்ப என்ன சொல்லுறியள்?"

'வேண்டாம்' வாய்வரை வந்து நின்றது. பயம் குறையவில்லை. எப்படி நடக்கும் என்று கண்டுவிட்டதால் கூடித்தான் போயிருந்தது. "போட்டு வா" என்றேன்.

அவளுக்கு நம்ப முடியவில்லை. "ஃபோன்?"

"மலையிலை நிப்பாட்டி வை. பின்னேரம் கீழை வந்து எடுத்தால் காணும்."

"அப்ப அம்மா?"

"கொம்மாவுக்கு நான் சொல்லுறன்."

மகளின் முகம் மாறிவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாட்டைத் தனியப் போகாதேங்கோ அப்பா" என்றாள். "நானும் வாறன்."