சிலிண்டர் அடிக்காத பன்னிரண்டு நொடி

டிங். தேநீர் கிளாஸின் விளிம்பில் கரண்டியால் ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்கிறார், ஒரு மிடறு குடிக்கிறார், மறுபடி டிங். தேநீர் குறையக் குறைய ஒலி ஏறும். பிடித்த இடம் வந்ததும் நஸீஃப் பிஷாரா குடிப்பதை நிறுத்திவிடுவார், மிச்சம் ஆறிப்போகும். கெய்ரோவில் எங்கள் ஷுப்ராத் தெருத் தேநீர்க் கடையில் முப்பது வருஷமாக அவர் ஒரு கிளாஸை முழுசாகக் குடித்து நான் பார்த்ததில்லை. அந்தக் கரண்டியை வேறு யாரும் தொடக் கூடாது. கடைக்காரர் கை வைத்தால், "வை கீழ. உனக்குச் சர்க்கரை கலக்கத்தான் தெரியும்" என்பார்.

வயது அறுபத்தொன்று. நாலு வாத்தியத்துக்கும் இசை எழுதுவார், நாற்பதுக்கும் எழுதுவார். இரண்டு காதிலும் பென்சில் இருக்கும், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். எங்கள் கட்டட லிஃப்ட் சுருதி குறைந்து ஏறுகிறது என்று புகார் எழுதியவர். பழுது பார்க்க வந்தவன் ஒரு திருகாணியை முறுக்கிய பிறகு அதில் ஏறினாலே அழுகை வரும், அவ்வளவு இனிமை. நம்பாதவர்கள் வந்து ஏறிப் பார்க்கலாம். என்ன, இப்போது அது ஓடுவதில்லை.

எழுதியதெல்லாம் அலமாரியில்தான் கிடந்தது. இந்த வருஷம்தான் ஒலிப்பதிவுக்கு வழி பிறந்தது. பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதிய இரண்டின் பதிவும் முடிந்துவிட்டது. மிஞ்சியது நால்வர் வாசிக்கும் ஒன்று. அதன் கடைசியில் பன்னிரண்டு நொடி நால்வரும் சும்மா இருக்க வேண்டும். பிறகு செல்லோவில் ஒரே ஒரு சுரம், மூச்சு மாதிரி. செல்லோ வாசிக்கும் யுஸ்ரிய்யாவுக்குப் பதிவு நாளன்றே மாலை விமானம். போனால் ஒரு வருஷம் வரமாட்டாள். வெள்ளிக்கிழமை, தெருப் பள்ளிக்கூட மண்டபம், நண்பகல் தொழுகை அழைப்புக்கு முன் முடித்தாக வேண்டும்; அப்புறம் ஒலிபெருக்கிப் பிரசங்கம் ஓயாது.

நாலு தடவை வாசித்தார்கள். நாலு தடவையும் சரியாக அந்த மௌனத்தில், டாங் டாங் டாங்! காஸ்கார ஷஹாத்தா. சிலிண்டரை ஸ்பானரால் அடித்தால்தான் அவன் வந்தது தெருவுக்குத் தெரியும்.

நஸீஃப் இறங்கி ஓடினார். "ஷஹாத்தா, கொஞ்ச நேரம் அடிக்காம இருப்பா, உன் கையைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"உங்களுக்கு இல்லாததா உஸ்தாஸ்? மந்திரியே வந்து காஸ் கேட்டாலும் அடிக்க மாட்டேன்."

அடிக்கவில்லை. அதுதான் வம்பாயிற்று. சத்தம் நின்றதும் மாடிக்கு மாடி பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "டேய் ஷஹாத்தா, போயிட்டியா?" "அடுப்புல கீரை பாதிதான்டா வெந்திருக்கு!" "செத்துட்டியா, தூங்கிட்டியா?" கடைசிக் கேள்வி என்னுடையது, தொண்டையும் எனக்குக் கொஞ்சம் பெரிசு. ஐந்தாவது தடவையும் போயிற்று.

மண்டபப் படியில் நஸீஃப் உட்கார்ந்துவிட்டார். "விடு. எல்லாத்தையும் அலமாரிக்கே கொண்டு போறேன்."

ஷஹாத்தா அவரையே பார்த்தான். ஸ்பானரை இடுப்பில் செருகினான், செருப்பைக் கழற்றினான், வீடு வீடாக ஏறினான். "கத்தாதீங்கம்மா. உள்ள உஸ்தாஸோட பாட்டுப் பதிவாகுது. காஸ் வாசலுக்கே வரும், உங்க கீரை எங்கயும் ஓடிப்போயிடாது." அன்று அவன் ஏறிய படிகளை நீட்டி வைத்தால் தெற்குக் கோடி அஸ்வானுக்கே போகலாம். தொழுகை அழைப்புக்கு எட்டு நிமிஷம் இருக்கையில் தெரு அடங்கியது. பூனைகூட நுனிக்காலில் நடந்தது. கடைசிப் பகுதியை ஆறாவது தடவை எடுத்தார்கள்.

போன வாரம் இசைத்தட்டு வந்தது. கடையில் கூடிக் கேட்டோம். வாத்தியங்கள் ஓய்ந்ததும் கடைக்காரர், "என்ன, நின்னுபோச்சு?" என்றார்.

"உஷ்" என்று ஷஹாத்தா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "இதுதான் நான்."

பன்னிரண்டு நொடி. பிறகு அந்த ஒற்றைச் சுரம் வந்து, மெலிந்து, அடங்கியது. நஸீஃப் தம் கிளாஸை ஷஹாத்தாவின் பக்கம் நகர்த்தினார். கரண்டியைச் சட்டை நுனியில் துடைத்து, காம்புப் பக்கம் முன்னால் இருக்க, அவனிடம் நீட்டினார்.