இறக்கையில் வைத்த சந்தனம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு பங்குனி மாதம், எங்கள் ஊர் ஏரியில் ஒரு சின்ன விமானம் இறங்கியது. ஏரி என்றால் தண்ணீர் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பங்குனியில் எங்கள் ஏரியில் மாடுதான் மேயும். திருத்தணி மலைப்படியில் நின்று பார்த்தால் எங்கள் ஊர் ஒரு கை அகலம் தெரியும். அந்தக் கை அகலத்தில் இடம் பார்த்து, ஒரு மாட்டின் மேலும் மோதாமல் இறக்கினான் அதை ஓட்டி வந்த பிள்ளை. அவன் இறங்கின அழகைப் பற்றி ஊரில் யாரும் இப்போது பேசுவதில்லை. கிளம்பினதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

வடக்கத்திப் பிள்ளை. மீசை அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவருக்கு இந்துஸ்தானி தெரியும். அவர் கேட்டுச் சொன்னார்: தண்டவாளத்தை அடையாளம் வைத்துப் பறந்தவன், புழுதி மூட்டத்தில் அதைத் தவறவிட்டு, வழி தெரியாமல் சுற்றி, பெட்ரோல் தீரப்போகிற நேரத்தில் ஏரியைப் பார்த்து இறக்கிவிட்டானாம். ஸ்டேஷனுக்குப் போய் தந்தி கொடுத்தார்கள். பெட்ரோல் வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆனது. அதுவரை அவனுக்குச் சோறு எங்கள் வீட்டில்தான், ஏரியை ஒட்டினது எங்கள் நிலம் என்பதால். முதல் நாள் கேழ்வரகுக் கூழைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். மறுநாள் அவனே சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "மா" என்று நீட்டினான். எனக்கு அப்போது பிள்ளை கிடையாது. அந்த ஒரு வார்த்தைக்கு நான் கரைந்துதான் போனேன், அதை மறைப்பானேன்.

லாரியில் பெட்ரோல் வந்தது, கூடவே ஒரு மெக்கானிக்கும் வந்தான். அவன் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, முறுக்கிப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் லாரி நிழலில் உட்கார்ந்தான். அதற்கு அப்புறம்தான் எங்கள் ஊர்க்காரர்கள் ஆரம்பித்தார்கள். வண்டி புறப்படுகிறது, பொட்டு வைக்காமல் அனுப்பலாமா? மாட்டு வண்டிக்கு வைக்கிறோம், ஏருக்கு வைக்கிறோம், அரிவாளுக்குக்கூட வைக்கிறோம்.

"முருகன் மயில அனுப்பிகிறான், அதுக்கு ஒரு பொட்டு வெக்க மாட்டியா நீ?" என்று பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கிண்டினாள்.

நான் சந்தனம் அரைத்தேன். என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாமே, தண்ணியாட்டம் அரைக்கற? கெட்டியா அரை. காத்துல போற வண்டி, உதுந்துடப் போவுது."

"அரைக்கறது நானு, வாய் மட்டும் உங்களுதா?" என்றேன். ஆனாலும் கெட்டியாகத்தான் அரைத்தேன்.

மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, நடுவில் கம்பங்கள். என் வீட்டுக்காரர் கிண்ணத்தை வைத்துக்கொண்டு மூக்கிலிருந்து வால் வரை பொட்டு வைத்துக்கொண்டே போனார். கம்பத்துக்குக் கம்பம் வைத்தார். பின்னாலேயே தெருப் பெண்கள் எல்லாம் ஆளுக்கொரு கிண்ணத்தோடு வந்துவிட்டார்கள். தங்கள் கையால் வைத்தால்தானே அவர்களுக்குத் திருப்தி. அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே நின்றான். அவன் நெற்றியையும் விடவில்லை. நடுவில் அவர் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு எலுமிச்சம்பழம் எடுக்கப் போனார். நான் இறக்கையைத் தொட்டுப் பார்த்தேன். துணி. கஞ்சி போட்டு இழுத்துக் கட்டின மாதிரி வெறும் துணி. இந்தத் துணியை நம்பியா இவன் ஆகாயத்தில் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, கிளம்பினான். ஏரிக்குள்ளேயே ஓடினான், ஓடினான். எழும்பவே இல்லை. "தூக்குடா, தூக்குடா" என்று ரயில்வேக்காரர் கத்தினார். கரை கிட்டே வந்த பிறகுதான் மூக்கு மேலே எழுந்தது. கரைமேல் இருந்த பனைமரத்தில் ஓர் இறக்கை மாட்டி முறிந்து அங்கேயே விழுந்தது. மிச்சம், அந்தப் பிள்ளையோடு, கரைக்கு அந்தப் பக்கம் விழுந்து எரிந்தது. கிட்டே போக முடியவில்லை. எங்கள் ஊர் ஆண்கள் மண்ணை வாரி வாரி இறைத்தார்கள். என் வீட்டுக்காரர் கையெல்லாம் கொப்புளம். நான் கரைமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விசாரிக்க ஒரு வெள்ளைக்காரத் துரையும், அவருக்குத் தமிழில் கேட்டுச் சொல்ல ஒரு மெட்ராஸ்காரரும் வந்தார்கள். மெட்ராஸ்காரர் எங்கள் வீட்டில் மோர் வாங்கிக் குடித்தபடி சொன்னார்.

"பெட்ரோல் தீர்ந்து விழறது உண்டும்மா. மேகத்துல மலை தெரியாம மோதறது உண்டு. கிளம்பினதும் எஞ்சின் நின்னா, நேரா இறக்காம, புறப்பட்ட இடத்துக்கே திரும்பப் பார்த்து விழறது ரொம்ப உண்டு. சின்ன விமானம் பெரும்பாலும் சின்ன விஷயத்துலதான் விழும். இங்க எஞ்சினும் ஓடியிருக்கு, பெட்ரோலும் இருந்திருக்கு. துரைக்கு அதுதான் புரியலை."

பனைமரத்தடியில் கிடந்த இறக்கையைத் துரை புரட்டிப் பார்த்தார். அதன் கம்பத்தில் விரல் நுழையாத ஒரு சின்னக் குழாய் இருந்தது. கம்பியை விட்டுக் குத்தினார். மஞ்சளாகக் காய்ந்த கட்டி ஒன்று உதிர்ந்தது.

மெட்ராஸ்காரர் எங்களிடம் சொன்னார்: "இந்த ஓட்டையில காத்து புகுந்தாத்தான் வேகம் காட்டற முள்ளு நகரும். அடைச்சிருந்தா முள்ளு அசையாது. வேகம் இன்னும் வரலை, வரலைன்னு தரையிலேயே ஓட்டியிருக்கான். பழகினவன்னா முள்ளைப் பார்க்க மாட்டான். இவன் புதுசு." அப்புறம் கேட்டார்: "இது என்ன, மண்ணா?"

அந்த மஞ்சளைப் பார்த்ததும் எனக்கு நான் அரைத்த சந்தனம்தான் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரர் முன்னால் போனார். அந்தக் கட்டியில் ஒரு துளி எடுத்தார். கசக்கினார். மோந்தார்.

"குளவிங்க," என்றார். "கூடு கட்டிகீதுங்க. மூணு நாளு சும்மா நின்னுகினு இருந்துச்சுல்ல. எங்கூர்ல பூட்டு ஓட்டையக்கூட உடாதுங்க அது."

துரை கேட்டுத் தலையாட்டினார். வேறு ஊர்களிலும் இப்படி ஆனதுண்டாம். குளவி என்றே முடிவானது. அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர் குனிந்து, விரலை மண்ணில் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார்.

கம்பத்துக்குக் கம்பம் பொட்டு வைத்தவர் அவர். நான் வேறு என்ன நினைப்பேன்? அரைத்த பாவம் எனக்கு, வைத்த பாவம் அவருக்கு என்று நினைத்தேன். ஆனால் கேட்கவில்லை. கேட்டால் அந்த மனுஷன் உடைந்துபோவார் என்று பயம். வீட்டிலிருந்த சந்தனக்கல்லை அவரே எடுத்துக்கொண்டுபோய் எங்கோ போட்டார். "நீ இனிமே அரைக்காத," என்றார், அவ்வளவுதான். பொங்கலுக்கு எங்கள் மாடுகள் மட்டும் வெறும் நெற்றியோடு தெருவில் போயின. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கருமி என்றார்கள், கிறுக்கு என்றார்கள். நான் எல்லோரோடும் சண்டைக்கு நின்றேன். ஆடிக் கிருத்திகைக்கு வருஷம் தவறாமல் மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். "யாருக்கு இந்த வேண்டுதல்?" என்று ஒரு தடவை கேட்டேன். "உனக்குத்தான், வேற யாருக்கு," என்றார். ஒப்புக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும், உடைக்கக் கூடாது என்பார்கள். நான் ஒன்று விடாமல் உடைத்தேன். உடைத்து மோந்து பார்ப்பேன். மண் வாசனைதான் வரும்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அவருக்குக் காமாலை கண்டது. கீழாநெல்லி கொடுத்தோம், ஆஸ்பத்திரிக்கும் போனோம், கேட்கவில்லை. ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அந்தக் குழாயில நீ சந்தனம் வெச்சத நான் யாருகிட்டயும் சொல்லல," என்றார். "எலுமிச்சம்பழம் எடுக்கப் போனப்போ திரும்பிப் பாத்தேன். கிண்ணம் கையில இருந்துச்சு, எறக்கை மேல கைய வெச்சுகினு நின்ன. உன்ன புடிச்சுகினு பூடுவாங்கன்னுதான் குளவின்னு சொன்னேன். உனக்குத் தெரியுமா அது, தெரியாமலே வெச்சியா?"

நான் துணியைத்தான் தொட்டேன். அவர் வைத்தார் என்று நான் இத்தனை வருஷம் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். நான் வைத்தேன் என்று அவர் எனக்காகத் தலையை மழித்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால், அப்புறம் யார் என்று யோசிப்பார். தெருப் பெண்களில் ஒருத்தியா என்று யோசிப்பார். கடைசியில் கிண்ணத்தோடு கம்பம் கம்பமாகப் போன தன் கைக்குத்தான் வந்து நிற்பார். சாகப் போகிறவரை நான் எப்படி அங்கே கொண்டுபோய் நிறுத்துவேன்?

"ஆங்," என்றேன். "நான்தான் வெச்சேன். தெரியாமத்தான்."

"வுடு," என்றார். "குளவியாவே இருக்கட்டும்." என் கையைத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். அந்த வாரமே போய்விட்டார்.

ஒரு வார்த்தைதான் சொன்னேன், அதுவும் அவர் நிம்மதிக்காக. ஆனால் சொன்ன நாளிலிருந்து அந்தப் பங்குனி காலை எனக்கு வேறு மாதிரி வருகிறது. இடது கையில் கிண்ணம் இருக்கிறது, வலது கை இறக்கைத் துணிமேல் இருக்கிறது. துணிக்கு அப்புறம் ஏதோ சில்லென்று விரல் நுனியில் தட்டுகிறது, சின்னதாக, வட்டமாக. முன்னெல்லாம் அது வந்ததில்லை. நீ வைக்கவே இல்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணு என்று யாராவது இன்று கேட்டால், நான் பண்ண மாட்டேன்.