நல்ல ஏழைப் படம் ஒன்று தேவை

பகுதி நேர நிருபர் என்ற வேலையில் 'பகுதி' என்பது சம்பளத்துக்கு மட்டும்தான். நேரம் முழுசாகப் போய்விடும். புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் இரண்டு கொம்யூன் பஞ்சாயத்துக்கும் சேர்த்து எங்கள் நாளிதழுக்கு நான் ஒருத்தன்தான். செய்தியும் நானே, போட்டோவும் நானே. பேர் மட்டும் வராது. எதை எழுதினாலும் 'நமது நிருபர்' கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

கோயிலுக்குப் பின் தெருவில் ஒத்தை ரூம், மெஸ் சாப்பாடு, ஒரு செல்போன். போன் அடித்தால் எங்கேயோ யாருக்கோ கெட்டது நடந்திருக்கிறது என்று அர்த்தம். "எப்படிப்பா இருக்க?" என்று கேட்க ஒருத்தரும் அடிப்பதில்லை. நீங்களும் தினம் காலையில் பேப்பரைப் பிரித்து, பெருமூச்சு விட்டு, மடித்து வைக்கிறவர்தானே? அப்படியானால் நம்ம கட்சிதான். அந்த தைரியத்தில் சொல்கிறேன், கேளுங்கள்.

கல்யாணப் புடவை

ஒரு மழைக்காலம். பாகூர் பக்கம் ஒரு காலனியில் வீட்டுச் சுவர் இடிந்துவிட்டது என்று போன். வண்டியை எடுத்துக்கொண்டு சேற்றில் வழுக்கி வழுக்கிப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்காரம்மா என் கேமராவைப் பார்த்ததும், "ரெண்டு நிமிஷம் இரு சார்" என்று சொல்லிவிட்டு, நின்றுகொண்டிருந்த பாதி வீட்டுக்குள் ஓடினார். ரேஷன் கார்டு எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது தலை வாரி, பவுடர் பூசி, கல்யாணத்துக்குப் போகிற புடவையைக் கட்டியிருந்தார். புருஷன் வெள்ளைச் சட்டை. பிள்ளைகள் இரண்டுக்கும் நெற்றியில் புதுப் பொட்டு. இடிந்த சுவருக்கு முன்னால் நாலு பேரும் விறைப்பாக நின்றார்கள். வீடு போனால் என்ன, ஊரே பார்க்கப் போகிற படத்தில் கௌரவமாக நிற்க வேண்டாமா? எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துப் போயிற்று.

மறுநாள் பேப்பரைப் பிரித்தால் என் செய்தி இருக்கிறது, படம் இல்லை. அந்த இடத்தில் வேறு ஒரு பெண். ரயில்வே நடைமேடையில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள், மடியில் அலுமினியத் தட்டோடு ஒரு சின்னப் பெண் குழந்தை. கீழே பொடி எழுத்தில் 'கோப்புப் படம்'. ஆபீஸ் டெஸ்க்கில் செய்தி திருத்துகிற தம்பிக்கு போன் போட்டேன். குரல்தான் பழக்கம், முகம் பார்த்ததில்லை. அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணா, நீங்க அனுப்புனவங்க கிரகப்பிரவேசத்துக்கு வந்தவங்க மாதிரி இருக்காங்க. வூடு இடிஞ்சவங்க எங்கண்ணா?"

ஒரே மூட்டை

பெரிய இடத்துப் பிறந்தநாள் ஒன்று. கரும்பும் நெல்லுமாக ஏகப்பட்ட நிலம் வைத்திருக்கிறவர். ஏழைகளுக்கு அரிசி வழங்கும் விழா. அரிசி லாரி வர லேட். நல்ல நேரம் போகிறது என்று இருந்த ஒரே மூட்டையை வைத்து ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு அம்மா வந்து வாங்குவார், படம் எடுப்பேன், மூட்டை திரும்ப மேடைக்குப் போகும், அடுத்த அம்மா வருவார். மூட்டையில் வழங்குகிறவர் கை, அவர் தம்பி கை, மச்சான் கை, கட்சிக்காரர் கை என்று இத்தனை கை. வாங்குகிறவர் முகத்தை மட்டும் காணோம். யாரோ ஒருவர் மாலை மறைத்துவிடும். கொஞ்சம் தள்ளுங்கள் என்றால் அந்த அம்மாவைத்தான் தள்ளினார்கள்.

படிக்கட்டில் இறங்கி வந்த ஒரு அம்மா என் முழங்கையைத் தொட்டுக் கேட்டார்: "சார், போட்டோ நாளைக்கு பேப்பர்ல வந்துடும்ல? அப்ப அரிசியும் வந்துடும்ல?"

வடை மடித்த காகிதம்

கோப்புப் படத்துக்காரி என்னை விடவில்லை. மழை என்றால் அவள் நனைந்தாள், வெயில் என்றால் அவளே காய்ந்தாள். விதவை பென்ஷன் தாமதமா, விலைவாசி ஏற்றமா, பட்ஜெட்டில் ஏமாற்றமா, எல்லாவற்றுக்கும் அவள் கன்னத்தில் கைதான். நான் வேலைக்கு வருவதற்கு முன்னால் யாரோ எடுத்த படம். எடுத்தவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, தெரியாது.

ஒரு நாள் காலை மார்க்கெட் டீக்கடையில் நிற்கிறேன். நாற்பது தாண்டிய ஒரு பெண், தலை நிறைய பூ, கையில் எண்ணெய்க் கறை படிந்த பேப்பர் துண்டு. "நீதான் பேப்பர்காரரா?" என்று நேராக வந்து நின்றார். துண்டைப் பார்த்தேன். அதே படம். நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். கன்னத்தில் கை இல்லாததால் அடையாளம் தெரியவே கொஞ்ச நேரம் ஆனது!

பேர் அஞ்சலை. புயலில் குடிசை போய், புருஷனும் விட்டுப் போய், சின்னக் குழந்தையோடு கொஞ்ச காலம் வில்லியனூர் ஸ்டேஷனில் படுத்திருக்கிறார். ஒரு ஆள் வந்து பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டு படம் எடுத்துக்கொண்டு போனாராம். அதற்கப்புறம் அஞ்சலை ஓட்டலில் பாத்திரம் கழுவினார், மாவு அரைத்தார், இப்போது அரியாங்குப்பத்தில் சொந்தமாக இட்லிக்கடை, வாடகை வீடு. மகள் செல்வி நர்சிங் படித்து ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். பேப்பரில் மட்டும் அஞ்சலை இன்னும் ஸ்டேஷனை விட்டு எழுந்திருக்கவில்லை.

போன வாரம் கிளினிக்கில் வடை மடித்து வந்த பேப்பரில் இந்தப் படம். கூட வேலை செய்கிற பெண், "ஏய், இது ஒங்கம்மா மாதிரியே இருக்குடி" என்றிருக்கிறாள். செல்வி, "சே, எங்கம்மா இல்ல. யாருன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தத் துண்டை அம்மா முன்னால் போட்டுவிட்டு ஓவென்று அழுதிருக்கிறாள். அன்றிலிருந்து அம்மா முகத்தைப் பார்ப்பதில்லை, சேர்ந்து சாப்பிடுவதில்லை. டீ சொன்னேன், அவர் குடிக்கவில்லை. துண்டை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: "மடியில தட்டோட ஒக்காந்திருக்கறது அவதாண்ணா. என்னோட சேத்து தன்னையும் யாருன்னே தெரியாதுன்னுட்டா. இந்தப் படத்த நிறுத்துண்ணா."

ஏழை என்று ஒரு ஃபோல்டர்

அஞ்சலைக்காக டவுனில் இருக்கிற எங்கள் ஆபீசுக்குப் போனேன். வாசலில் செக்யூரிட்டி விடவில்லை. "நான்தான்பா நமது நிருபர்" என்றால், "இங்க எல்லாருமே அதான் சொல்றாங்க" என்கிறான். கடைசியில் படங்களைப் பாதுகாக்கிறவரே இறங்கி வந்து கூட்டிப் போனார். தங்கமான மனுஷன், எனக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கம்ப்யூட்டரில் வரிசையாக ஃபோல்டர்கள். கோயில், விபத்து, மழை, மாணவர்கள், ஏழை. ஏழையைத் திறந்தார். நிறைய பேர் இருந்தார்கள். "ஆனா பாருங்க, இவரு சிரிக்கறாரு. இந்தம்மா கழுத்துல செயினு. இவரு தொப்பைய பாருங்க. யாரையும் போட முடியல" என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து அஞ்சலையிடம் நிறுத்தினார்.

செல்வி கதையை முழுசாகச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுவிட்டுச் சொன்னார்: "பாவம்தாங்க. நீங்க வேற நல்ல ஏழைப் படமா ஒண்ணு கொண்டாங்க, இத நானே அழிச்சிடறேன்."

கீழே என்ன எழுதுவ?

கிளம்பினேன். வேறென்ன செய்ய? ஒரு முகத்தை எடுக்க இன்னொரு முகத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும், அதுதான் பேரம். பாகூரில் கரும்பு வெட்டுகிறவர்கள் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேமராவைக் கண்டதும் ஒருத்தன் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டான், இன்னொருத்தன் கத்தியைத் தோளில் சாத்தி ஹீரோ மாதிரி சிரித்துக்கொண்டு நின்றான். அந்தச் சிரிப்பைக் கொண்டுபோய் ஏழை ஃபோல்டரில் போட எனக்கு மனசு வரவில்லை. எடுத்து அவர்களுக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு வந்தேன்.

வில்லியனூர் மார்க்கெட் கொட்டகையில் ஒருவர் ரொம்ப நாளாகத் தங்கியிருக்கிறார். கோணிப்பையை விரித்து, பக்கத்தில் சட்டையை மடித்து வைத்து உட்கார்ந்திருந்தார். மறைக்காமல் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். "கீழ இன்னா எழுதுவ?" என்றார். ஆதரவற்றவர் என்று போடுவார்கள் என்றேன். அவருக்கு வந்ததே கோபம்! "யாரப் பாத்துச் சொல்ற? திருக்கனூர்ல எனக்கு மச்சான் இருக்கான். பேச்சுவார்த்தை இல்ல, அவ்ளோதான். நீ போயி யாருமே இல்லாதவனா பாத்துத் தேடுபா."

இரண்டு வாழைப்பழம்

அவர் சொன்னது மண்டைக்குள்ளேயே இருந்தது. மெஸ்ஸில் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தேன். யாருமே இல்லாதவனை நான் ஏன் ஊரெல்லாம் தேட வேண்டும்? அம்மா போனதோடு சொந்தம் என்று யாரும் என் வாசலுக்கு வரவில்லை. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் நின்றே போனது. ஆளைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போனேன். ஆபீசுக்குப் போய் வந்த பிறகு ஷேவ் செய்யவில்லை, தாடி ஏற்கெனவே இருந்தது. பழைய லுங்கி, வண்டி துடைக்கிற சட்டை. போனை தண்ணீர் பாட்டிலில் சாய்த்து டைமர் வைத்துவிட்டு, அஞ்சலை உட்கார்ந்திருந்த மாதிரியே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தேன். முதல் படத்தில் சிரித்துவிட்டேன், பாழாய்ப்போன வழக்கம். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். இப்போதே இங்கேயே நான் சாய்ந்துவிட்டால் போலீஸ் யாருக்கு போன் போடும்? ஒரு பேர்கூட வரவில்லை. நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. போன் அதுபாட்டுக்கு க்ளிக் என்றது.

கண்ணைத் துடைப்பதற்குள் விழுப்புரம் பாசஞ்சர் வந்து நின்றது. இறங்கிய ஒரு பெண் என்னைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். பையிலிருந்து எதையோ எடுத்து என் மடியில் வைத்தார். நான் நிருபர் என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார். எனக்கு ஐம்பத்து மூன்றுதான் ஆகிறது. அந்தப் பெண் சொன்னார்: "தாத்தா, ரெண்டு பழம் இருக்கு. ஒண்ண ராத்திரிக்கு வெச்சிக்குங்க."

ஆள் யார்?

படத்தை அனுப்பின கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. படங்களைப் பாதுகாக்கிறவர். ஆபீசுக்குப் போன அன்று நான் ஷேவ் செய்து, பேண்ட் போட்டு, தோளில் பை மாட்டியிருந்தேன் அல்லவா? அவருக்கு ஆளைத் தெரியவில்லை. எனக்குக் கேட்கும்படி சத்தமாகவே கீபோர்டைத் தட்டிப் பழைய படத்தை அழித்தார். "அஞ்சலையம்மா போயிட்டாங்க, சந்தோஷமா?" என்றார். சந்தோஷம்தான். அப்புறம் அதிசயப்பட்டுக்கொண்டே கேட்டார்: "அந்தக் கண்ணப் பாருங்களேன், சொந்தம் பந்தம் எதுவுமே இல்லாத ஆளுன்னு பளிச்சுனு தெரியுது. எங்க சார் புடிச்சீங்க இவர?"

தெரிஞ்சவர்

முதியோர் பென்ஷன் தாமதம் பற்றிய செய்தியில் முதன்முதலாக நான் வந்தேன். அன்றைக்கு போனை முழுசாக சார்ஜ் போட்டுக் கையிலேயே வைத்திருந்தேன். வீட்டு ஓனர் கேட்பார், மெஸ்காரர் கிண்டலடிப்பார், தினம் படம் வரவில்லை என்று திட்டுகிற கட்சிக்காரர்களில் ஒருத்தராவது, "யோவ், இன்னாயா இது?" என்பார். அதற்குப் பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒருத்தரும் அடிக்கவில்லை. டீக்கடையில் அந்தப் பக்கத்தை விரித்துப் போட்டு நாலு பேர் படித்தார்கள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். கடைக்காரர் என் முகத்தின் மேலேயே என் டீயை வைத்தார். தப்பித்தோம் என்று நினைத்திருக்க வேண்டும். இல்லை சார், வலித்தது.

சாயங்காலம் ரூம் கதவைத் தட்டும் சத்தம். அஞ்சலை, கையில் தூக்குவாளி. தெருவில் ஸ்கூட்டி பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், செல்விதான். படம் நின்றுபோனதைக் கடைக்குப் போய் நான்தான் சொல்லியிருந்தேன். அதை மகளிடம் சொன்னதும் அவள் அம்மா தட்டிலேயே கைவைத்துச் சாப்பிட்டாளாம். போன ஞாயிறு கிளினிக்கில் கூட வேலை செய்கிற பெண்ணைக் கடைக்கே கூட்டி வந்து, "இவங்கதான்டி எங்கம்மா. அன்னிக்கி பேப்பர்ல பாத்தியே, அதுவும் இவங்கதான்" என்று சொன்னாளாம்.

பிறகு இடுப்பில் செருகியிருந்த பேப்பரை எடுத்து விரித்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தூக்குவாளியை உள்ளே வைத்துவிட்டு, வாசல்படி இறங்கும்போது திரும்பிச் சொன்னார்: "ண்ணா, இது யாருன்னு யாராச்சும் கேட்டா, எனக்குத் தெரிஞ்சவருதான்னு நான் சொல்லுவேன்."

ஆக, இத்தனை வருஷம் உழைத்து நமது நிருபர் ஒரு வழியாகப் பேப்பரில் இடம் பிடித்துவிட்டார், இனி மழையோ வெயிலோ வருஷா வருஷம் வருவார், பேர் மட்டும் இன்னும் போடவில்லை.