துண்டுக்கடியில் பிடித்த கை

எய்ட்ஸ் வேர்வையில் வரும் என்று நம்பியவன் நான். பட்டம் வாங்கிவிட்டு அப்பாவின் கறிக்கடையில் உட்கார்ந்தவன், அப்படித்தான் நம்பினேன். அதுவும் ஓர் ஆட்டுத் தரகரின் வேர்வையில்.

அய்யலூர்ச் சந்தையில் தரகர்கள் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தோள்துண்டை இருவர் கைமேலும் போட்டு, அதற்கடியில் விரல்களைப் பிடித்து அழுத்துவார்கள். அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. ஆனால் அந்தத் துண்டு இருக்கிறதே, மூக்குச் சளி, வெற்றிலை எச்சில், ஆட்டின் வாய்க்குள் விட்டுப் பல் பார்த்த விரல் எல்லாவற்றையும் துடைத்தது அதுதான். புளித்த ஈரம். அன்று எனக்குக் கிடாய் பேசிய தரகரின் கை அதனடியில் தவளைபோலக் கொழகொழவென்று என் விரல்களைத் தேடி வந்தது.

கிடாயை வண்டியில் ஏற்றும்போது இன்னொரு கறிக்கடைக்காரர் காதருகே வந்தார்.

"ஏப்பா, அந்தாளு கையையா பிடிச்ச? எலும்பா வத்திப்போயிட்டாரு பாத்தியா. அந்தச் சீக்குன்னு பேசிக்கிறாக."

"எந்தச் சீக்கு?"

"டிவில காட்டுறானுகல்ல, அது."

தொண்ணூறுகளின் கடைசி. வீட்டில் மனைவி முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். வந்ததும் வராததுமாகக் கையைப் பினாயிலில் ஊறப்போட்டேன். கத்தி பட்ட வெட்டுக்காயங்கள் எரிந்தன. நல்லது, கிருமி சாகிறது என்று சந்தோஷப்பட்டேன். தோல் பூண்டுச் சருகாக உரிந்தது.

"ஏங்க, தொட்டுக்கிற வெஞ்சனத்துல கக்கூஸ் வாடை அடிக்குது. எனக்கே மசக்கை, இதுல நீங்க வேற" என்றாள் மனைவி.

உடம்பு சூடு என்று சொல்லி வாசல் பக்கம் தனியே படுத்தேன். அதிலும் மனசு ஆறவில்லை. சித்தையன்கோட்டை போகிற வழியில் பட்டமில்லாத ஊசி வைத்தியர் ஒருவர் இருந்தார். அவரிடம் போனேன்.

"எந்தச் சீக்கும் ரத்தத்துல ஏறாது அப்பு. ஒரு ஊசி போதும்" என்றார்.

எனக்கு முன்னால் ஒரு இருமல்காரருக்குப் போட்டார். அதே ஊசியை, ஈ மிதந்த கிண்ணித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினார். ஊசியின் அடியில் இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. கறுத்த பஞ்சால் துடைத்தார். குமட்டிக்கொண்டே வேட்டியை இறக்கி இடுப்பைக் காட்டினேன். தரகரின் வேர்வைக்குப் பயந்தவனுக்கு இது மருந்தாகத் தெரிந்தது.

சில நாளில் அந்த இடம் கொழுக்கட்டையாக வீங்கிச் சீழ் பிடித்தது. உட்கார முடியவில்லை. வேட்டியெல்லாம் நாற்றம். என் வாடை எனக்கே தாங்காமல் அரசாங்க ஆஸ்பத்திரியில் கவிழ்ந்து படுத்தேன். சீழைக் கீறி எடுத்த டாக்டரம்மாவிடம் துண்டுக் கதையை ஒப்பித்தேன்.

"வேர்வைல வராது. கை குடுத்தா வராது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் வராது. அவருக்கு நெசமாவே இருந்தாலும் தாராளமா கையப் பிடிக்கலாம். இந்த ஊசிய எங்க போட்டீங்க?"

சொன்னேன்.

"எல்லாருக்கும் ஒரே ஊசியா?"

"தண்ணில கழுவுனாருங்க."

அவர் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். "ஊசியில ஒட்டுன ரத்தத்துல அது வரலாம், உடலுறவுலயும் வரலாம். வரவே வராத எடத்துக்குப் பயந்துட்டு, வரக்கூடிய எடத்துல போயி நின்னுருக்கீங்க. இப்ப ஒரு டெஸ்ட், மூணு மாசம் கழிச்சு ஒண்ணு. அதுவரைக்கும் ஆணுறை இல்லாம சம்சாரத்துகிட்டப் போகாதீங்க. இனிமே ஊசின்னா, புதுசப் பிரிச்சுப் போடுறாங்களான்னு கண்ணால பாருங்க."

முதல் தடவையாக நிஜமான பயம் வந்தது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அன்றே மனைவியிடம் சொன்னேன்.

"கையப் பிடிச்சதுக்கா இம்புட்டு நாளும் வாசல்ல படுத்தீக?" என்றாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அந்த ஊசிக்காரன்கிட்ட போட்டுட்டு வந்தீகளே, அத அன்னைக்கே சொல்லலையே."

முதல் டெஸ்டில் தொற்று தெரியவில்லை. அடுத்த டெஸ்டுக்கு இடையில் சந்தைக்குப் போனேன். தரகர் துண்டை விரித்தார், கையை நீட்டினேன். அருவருப்பு குறையவேயில்லை. அது அவர்மேல் இல்லை, அந்தத் துண்டின்மேல்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். தொற்று இல்லை.