அத்தானின் காலித் தட்டு

எங்கள் அத்தான் பஸ் ஓட்டுகிறவர். ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவே சாப்பிட்டுச் சாப்பிட்டு, சாப்பாடு என்றாலே அவருக்கு அவசர வேலை. நாம் தட்டை இழுத்து வைத்துக்கொள்வதற்குள் அவர் கை கழுவிக்கொண்டு நிற்பார். மெல்லுகிறாரா, அப்படியே உள்ளே அனுப்புகிறாரா என்பது இத்தனை வருஷம் அவரோடு குப்பை கொட்டும் என் அக்காவுக்கே தெரியாது.

அன்றைக்கு அந்த வேகம்தான் எங்களுக்குப் பெரிய கவலை. அக்கா மகள் ஒரு பையனை விரும்பினாள். பையனின் அம்மாவோ, "குடும்பத்தைப் பார்த்துப் பேசிட்டுத்தான் எதுவும் சொல்வேன்" என்றுவிட்டார். சந்திப்பு ஓர் இத்தாலிய உணவகத்தில். பிள்ளைகள் காகித விரிப்பில் கிறுக்கிக்கொண்டும், கடைசித் துண்டு பீட்சாவுக்கு அடித்துக்கொண்டும் இருந்த கலகலப்பான இடம்.

படியேறும்போதே மகள் பாடம் எடுத்தாள். "அப்பா, ஒவ்வொரு வாய்க்கும் ஃபோர்க்கைக் கீழ வைங்க. மத்தவங்களைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுங்க."

"சரிம்மா. இன்னிக்கு ஆமை மாதிரி சாப்பிடறேன்."

ஆமையாம்! பாஸ்தா வந்தது. முதல் வாய்க்கு ஃபோர்க் ஒழுங்காகக் கீழே இறங்கியது. அப்புறம் பழக்கம் ஜெயித்துவிட்டது. நான் சீஸ் தூவிவிட்டு நிமிர்ந்தால், அத்தானின் தட்டு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. மகளின் முகம் செத்துவிட்டது. "ஏங்க" என்று அக்கா பல்லைக் கடித்தாள். பாவம் மனிதர், நாப்கினை விரித்துத் தட்டை மூடப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"மூடாதீங்க. என் தட்டையும் பாருங்க" என்றார் எதிரே இருந்த பையனின் அம்மா. அதுவும் காலி. "எனக்கு ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை. எப்பக் கூப்பிடுவாங்கன்னு தெரியாது, அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடணும். மெதுவா சாப்பிடும்மான்னு இவன் வழியெல்லாம் கெஞ்சிக்கிட்டே வந்தான்."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். நாங்கள் பாஸ்தாவைச் சுற்றுவதும் நழுவவிடுவதுமாக இருந்தோம். தட்டு காலியான அவர்கள் இருவருக்கும் வேறு வேலை இல்லை, பேச ஆரம்பித்தார்கள். ராத்திரி டியூட்டி, முதுகுவலி, லீவு கேட்டால் முகத்தைத் தூக்கும் மேலதிகாரி என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. எங்களை யாரும் சட்டை செய்யவில்லை.

திடீரென்று அந்த அம்மா கைப்பையைத் தோளில் மாட்டினார். மகளுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"சம்பந்தி, மண்டபம் பார்க்க நாம ரெண்டு பேரே போயிட்டு வந்துடலாமா? இவங்க சாப்பிட்டு முடிக்கட்டும்னு காத்திருந்தா பசங்களுக்கு வயசாயிடும்."

மகள் வாயில் பாஸ்தாவோடு அழுதாள்.